நோவுக்கு அழாதவள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
2023 பெப்ரவரி 9

அன்புத் தம்பி அஷ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போட்டோவில் உன் தோளெல்லாம் பனி. காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

போனில் கதைத்தால் மாமி பக்கத்தில் வந்து நிற்பார். அதனால் எழுதுகிறேன். போன கிழமை மின்ஹா குசினியில் அடுப்பில் கிடந்த சூடான தாச்சிச் சட்டியில் உள்ளங்கையை வைத்துவிட்டாள். தோல் கருகிய மணம் வந்துதான் திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. கையை எடுக்கவுமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மாமி சொன்னார்: "கல்லுப் பிள்ளை. உன்ட வயித்துலதான் ஏதோ குறை."

பிள்ளைக்கு ஆறு வயதாகிறது. முன்பு உம்மா, தண்ணி என்று சொன்ன வாயில் இப்போது ஒரு சொல்லும் இல்லை. கொழும்பில் எடுத்த எங்கள் இரத்தமும் பிள்ளையின் தோலும் உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து எவ்வளவு காலம். முடிவு தெரிந்தும் நீ மறைக்கிறாயோ என்று பயமாக இருக்கிறது. எதுவானாலும் எழுது.

உன் ராத்தா,
சுஹைரா


ஹம்பர்க்,
2023 மார்ச் 2

அன்புள்ள ராத்தா,

வ அலைக்கும் ஸலாம். நான் மறைக்கவில்லை. நான் நாளும் படிக்கிற அதே புரதத்தில்தான் மின்ஹாவுக்குக் கோளாறு என்று வந்தது. நம்ப முடியாமல் திரும்பவும் பார்த்தோம். சுணங்கியது அதனால்தான்.

ஒரு நரம்பு மற்ற நரம்போடு பேசும் இடத்தில் சிறிய இடைவெளி இருக்கிறது. அக்கரையில் செய்தியைப் பிடிக்கும் வாங்கிகள் உண்டு. அவற்றை இடம் பெயராமல் நிறுத்தி, ஒன்றோடொன்று கோர்த்துக் கட்டுவது இந்தப் புரதம். நம்முடைய இறங்குதுறையின் மரக்கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். மின்ஹாவுக்கு அந்த மரக்கால்கள் பாதிதான். படகு வருகிறது, கட்ட இடமில்லை. சொற்கள் போனதும் அதனால்தான்.

இந்தக் கோளாறு உங்களிடமும் இல்லை, மச்சானிடமும் இல்லை. அவள் உருவானபோது புதிதாக நேர்ந்தது. இதை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. நோவைக் கொண்டுபோகும் நரம்பிலும் இதே புரதம் வேலை செய்கிறது. அவளுக்கு நோவே இல்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே என்ன நடந்தாலும் அழுகை வராமல் போகலாம். சாப்பாட்டையும் நித்திரையையும் நடையையும் கவனியுங்கள். மருந்து இன்னும் இல்லை, ராத்தா. அவளுடைய தோலின் உயிரணுக்களிலிருந்து நரம்புக் கலங்களைக் கிண்ணத்தில் வளர்த்திருக்கிறோம். அவற்றில் ஒவ்வொரு மருந்தாகப் பார்க்கிறேன்.

உங்கள் தம்பி,
அஷ்பாக்


திருகோணமலை,
2023 செப்டெம்பர் 21

தம்பி,

அன்று போனில் என்னால் கதைக்க ஏலாமல் போனது. நீ அழுததை மட்டும் கேட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மின்ஹா காலையில் இடியப்பத்தைத் தள்ளிவிட்டாள். பகல் முழுக்க முழங்காலை மடித்துக் குப்புறக் கிடந்தாள். நீ எழுதியது உடனே நினைவு வந்தது. உன் மச்சான் இழுவைப்படகில் வேலையில் நின்றார். அவர் வரும்வரை நிற்காமல், ஓட்டோ பிடித்துத் தனியார் கிளினிக் ஒன்றுக்குக் கொண்டு போனேன்.

"டொக்டர், இவ நோவுக்கு அழமாட்டா. நரம்பில ஒரு வருத்தம். உள்ளுக்கு ஏதோ செய்யுது" என்றேன்.

அவர் வயிற்றை அமத்திப் பார்த்தார். மின்ஹா அவருடைய பேனையைப் பிடித்துச் சிரித்தாள்.

"வயித்தில பிழை எண்டா இப்படி அமத்த விடுவாவா? பிள்ளைக்கு நோவேயில்ல. காஸ்தான். நீங்கள் பயப்படாதீங்க."

திரும்பவும் சொன்னேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பாணி மருந்தோடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடியும்போது உடம்பு கொதித்தது, உதடு வெளுத்திருந்தது. உன் மச்சான் அவளைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் என்றார்கள். ஒபரேஷன் தியேட்டருக்குள் போகும்போதும் சிரித்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டாள். இன்னாலில்லாஹி.

குளிப்பாட்டும்போது மாமிதான் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். "என்ட புள்ள, ஒருக்கா அழுதிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உன் மச்சான் அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. பிள்ளையை அடக்கிய மையவாடிக்குப் போகிறார், வருகிறார், படுக்கிறார்.

நீ எழுதியது அத்தனையும் சரி. நானும் சரியாகத்தான் சொன்னேன்.

ராத்தா


ஹம்பர்க்,
2023 நவம்பர் 5

அன்புள்ள ராத்தா,

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பல நாள் எழுதாமல் இருந்தேன். கேட்காமல் இருக்கவும் முடியாது.

மின்ஹாவின் கலங்கள் இங்கே உயிரோடிருக்கின்றன. பிள்ளை இல்லாத நிலையில், தொடர்ந்து வைத்திருக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். புதிய மருந்தொன்றைப் போட்டபோது வாங்கிகள் கொஞ்சம் கூடுதலாக நிலைத்து நிற்கின்றன. இத்தனை காலத்தில் இப்போதுதான் ஒரு அசைவு தெரிகிறது. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒருநாள் பயன்படலாம். கிண்ணத்தில் இருப்பவை கலங்கள் மட்டுமே. அவற்றுக்கு நோவு தெரியாது, ராத்தா. நீங்கள் சரியென்றால் ஒரு வரி போதும்.

அஷ்பாக்


திருகோணமலை,
2023 டிசம்பர் 1

தம்பி அஷ்பாக்குக்கு,

கடிதத்தை உன் மச்சானிடம் கொடுத்தேன். "ஓம் எண்டு எழுதுங்க, ஆருக்காவது பிரயோசனப்படட்டும்" என்றார். மௌலவியிடம் கேட்டார், அவரும் தடை சொல்லவில்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான் வேண்டாம் என்கிறேன்.

உன் வேலை பிழை என்று சொல்ல மாட்டேன். நல்ல வேலைதான். வேறு தாய்மாரிடம் கேள், தருவார்கள். நானும் அன்று கொழும்பில் கையை நீட்டி இரத்தம் கொடுத்தவள்தானே. அப்போது பிள்ளை என் மடியில் இருந்தாள்.

அவற்றுக்கு நோவு தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அந்த டொக்டரும் அதைத்தான் சொன்னார். நீ அவரைவிடப் படித்தவன், உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதைச் சொல்கிற யாரையும் இனி என்னால் நம்ப ஏலாது. நீயானாலும் சரி.

அந்தக் கலங்களை வளர்ப்பதை நிறுத்திவிடு. வேறு யாரிடமும் கொடுக்காமல் உன் கையால் செய். பிஸ்மி சொல்லிச் செய்.

செய்து முடித்ததும் எனக்கு எழுத வேண்டாம். செய்யாமல் விட்டாலும் எழுத வேண்டாம்.

சுஹைரா