கறுக்காத பட்டை

இர்பித்
ஞாயிறு, அக்டோபர் 12

என் அன்பு அரீன் அக்காவுக்கு,

சலாம். அம்மான் நகருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். புதுப் பல் டாக்டர்களுக்குக் கிளினிக்கை மூடாமல் நடத்தச் சொல்லித்தரும் வகுப்பில் சாப்பாடாவது நன்றாக இருக்கிறதா? போனில் பேச எனக்கு நா எழவில்லை. பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று நம் கிளினிக்கின் குப்பைக்கூடையைக் காலி செய்தேன். நேற்று நீ பிரித்த கருவிப் பொட்டலங்களில் இரண்டின் மேல், சூடு போதுமானால் கறுக்கும் பட்டை கறுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை, கருவிகளைச் சூட்டில் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர் ஓடும்போது கரண்ட் போனது. பொட்டலம் சூடாக இருந்ததால் முடிந்துவிட்டது என்று அடுக்கிவிட்டேன். நீயும் பார்க்கவில்லை. இரண்டும் பல் பிடுங்கும் கொறடு. நேற்றுப் பிடுங்கியது பக்கத்து வீட்டுச் சைஃபின் அம்மா உம் சைஃபுக்கும் ரொட்டிக்கடை அபூ ஆதமுக்கும்தான்.

அந்தக் கொறடுகளில் முன்பு யார் இரத்தம் பட்டதோ! நான் என்ன செய்யட்டும்?

உன் ஸீவார்


அம்மான்
செவ்வாய், அக்டோபர் 14

ஸீவார் கண்ணே,

அழாதே. கழுவித்தானே வைத்தாய்? ஒன்றும் ஆகியிருக்காது.

புதுக் கிளினிக் முதல் வருடத்திலேயே ஏன் சாகிறது என்று இன்று வகுப்பில் கேட்டார்கள். "வாடகை" என்றோம். ஆசிரியை சிரித்தார்: "இல்லம்மா, பக்கத்து வீட்டு வாய்!"

பொட்டலங்களை எரித்துவிடு. யாரிடமும் மூச்சு விடாதே. நீதான் பேசவே மாட்டாயே, அது இப்போது நல்லதாகப் போயிற்று.

அக்கா அரீன்


இர்பித்
புதன், அக்டோபர் 15

அக்கா,

எரிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு உம் சைஃப் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்ட மூன்று தடவை கையைத் தூக்கி இறக்கினேன். அவரே திறந்தார்.

"அட, ஊமைக் கிளி! உப்புக் கேட்டு வந்தியா?"

சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் புள்ளைக்குப் பால் குடுக்கறேன்டி" என்றார், மெதுவாக. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "ரத்தப் பரிசோதனைக்குப் போறேன். உங்கக்கா எங்க? அவ வாயால சொல்லட்டும். அப்புறம்தான் அவகிட்ட நான் மறுபடி வாயத் தொறப்பேன்" என்றார்.

அபூ ஆதமிடம் நான் போகவில்லை. அவரிடம் சொல்வதை உனக்கு விட்டிருக்கிறேன். நாளை மாலை பஸ்ஸில் வா. வராவிட்டால் வெள்ளி காலை நானே கடைக்குப் போவேன். ரொட்டிக்காகத் தெருவே அங்கு நிற்கும். பயமாகத்தான் இருக்கிறது. என் குரல் முதல் தடவை யாருக்கும் கேட்காது. இரண்டாம் தடவை தெருவே கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டிவரும்.

ஸீவார்