அவருடைய பல்செட்

தங்கைக்கு,

வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். அத்தனை பேருக்கு நடுவில் உனக்கு நன்றி சொல்ல வாய்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவரைப் பெட்டியில் வைக்கத் தயார் செய்தவர், நீ வருவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டார். "கன்னம் ரொம்ப ஒட்டிப்போயிருக்கும்மா. பல்செட் இருந்தா குடுங்க, முகம் பழையபடி வந்துரும்" என்றார். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். உன் தெருமுனையில் மயங்கி விழுந்தார் என்று நீதானே போனில் சொன்னாய்? அங்கேயே தெறித்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பஞ்சு வைத்துச் சமாளிக்கச் சொல்லிவிட்டு அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீ வந்தாய். கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாய். "இந்தாங்க, மாமாவோடது. இது இல்லாம நாலு பேர் பார்த்தா அவருக்குப் பிடிக்காது." உள்ளே பல்செட் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

உண்மைதான், அவருக்கு அவ்வளவு கூச்சம். படுக்கும்போது மட்டும்தான் கழற்றுவார், அதுவும் விளக்கை அணைத்த பிறகு. கட்டின பெண்டாட்டி எனக்கே பல வருஷம் கழித்துத்தான் காட்டினார். தெருவில் நடந்து போகிற மனுஷன் அதைக் கழற்றி டப்பாவில் போட்டு உன்னிடம் கொடுத்துவிட்டா விழுந்தார்?

முகம் நன்றாக வந்துவிட்டது, உன் புண்ணியம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "அப்படியே தூங்குற மாதிரி இருக்காரு" என்றார்கள். நீயும் தலையாட்டினாய்.

தூங்கும்போது அவர் முகம் அப்படி இருக்காது. அந்தக் கூட்டத்தில் அது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அக்கா