கரண்ட் கடிகாரம்

12-8-86, செவ்வாய்.

எங்கள் கம்பெனியில் சங்கை ஊதவைக்கும் டிஜிட்டல் கடிகாரம், கரண்ட்டின் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. இங்கே வரும் கரண்ட்டின் துடிப்போ மந்தம். காலையில் ரேடியோ கேட்டுச் சரிசெய்தாலும் சாயங்காலச் சங்கு பத்து நிமிடம் தாமதம். லைனில் வேலை செய்யும் மேரிக்கு வல்லக்கோட்டை பஸ் போய்விடும். மெயின்டனன்ஸ்காரன் நான் பலமுறை சொல்லியும் மேனேஜர், "பஸ்தான்யா சீக்கிரம் வருது" என்பார்.

இன்று கரண்ட் இல்லை, நாள் முழுக்க ஜெனரேட்டர். அது வேகமாக ஓடியதில் சங்கு முன்னாலேயே ஊதிவிட்டது.

"அண்ணே, கெடிகாரத்த இப்டியே வுட்ருங்க!" என்று கத்திக்கொண்டே மேரி பஸ்ஸுக்கு ஓடினாள்.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "இன்னாய்யா இது? நாளைக்கே குவார்ட்ஸ் போட்டு சரி பண்ணு."

போடுகிறேன். போட்டால் கடிகாரம் கரண்ட்டை எண்ணாது; கரண்ட் எப்படி வந்தாலும் சங்கு நேரத்துக்கு ஊதும், மேரிக்குத் தினமும் பஸ் கிடைக்கும், அவருக்கு ஓசியில் பத்து நிமிட வேலை கிடைக்காது. அதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.