சிவப்பு நூல் சுற்றிய வடை

செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தை

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. சூரியனைப் போலக் கொதிக்கும் பிளாஸ்மாவைக் காந்தப்புலம் எப்படிப் பிடித்து வைக்கிறது என்று இன்று உயர்தர (ஏ.எல்.) பௌதிக வகுப்பில் காட்ட வேண்டியிருந்தது. அதற்கென்று நான் செய்த கம்பிச்சுருள் வளையத்தைக் கண்டதும் கணவர் பதறிவிட்டார்.

"உதைப் பையுக்கை வச்சுக்கொண்டு செக்பொயின்ற் தாண்டப் போறீரோ? குண்டெண்டு பிடிச்சு உள்ளை போடுவாங்கள்."

அதனால் காலையில் சுட்ட உழுந்து வடை பிளாஸ்மா ஆனது. துளைக்குள்ளால் சிவப்பு நூலைச் சரிவாகச் சுற்றினேன். அதுதான் காந்தக்கோடு. அது முறுக்கி ஓடாவிட்டால் பிளாஸ்மா வெளியே நழுவிவிடும்.

செக்பொயின்றில் ஆமிக்காரன் வடை இருந்த டப்பாவைத் திறந்தான். சிங்களத்தில் ஐயா போட்டு என் வாயில் வந்தது, "வடை, மாத்தையா" மட்டுமே. அவன் நூலைப் பொறுமையாகக் கழற்றி, வடையைக் கடித்தான். கடித்துப் பார்ப்பதும் சோதனைதான் போலும்.

"ரசய், நங்கி." ருசியாம், தங்கச்சியாம். நூலை மட்டும் திருப்பித் தந்தான்.

வெறும் நூலோடு வகுப்பில் நின்று நடந்ததைச் சொன்னேன். பின்வரிசை வாங்கிலிருந்து சுமதி எழும்பினாள்.

"அப்ப டீச்சர், காந்தக்கோடு குழம்பினா பிளாஸ்மா ஓடிப்போய்ச் சுவரிலை முட்டுமோ?"

"ஓம் பிள்ளை, அதேதான்!"

எத்தனை வருடம் படம் கீறியும் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

பின்னேரம் திரும்பும்போதும் செக்பொயின்றில் அவனே நின்றான். பையைத் திறக்கச் சொல்லவில்லை. நாளைக்கும் வடை வருமா என்று சிங்களத்தில் கேட்டான்.

கணவருக்கு இதைச் சொல்லவில்லை. உழுந்தை ஊறப் போட்டுவிட்டேன்.