மோட்டார் இருக்கைக்கு அடியில் வைட்டமின்

மஜீதா,

இவ்வீட்டின் சகல அறிவுக்கும் அதிபதியாகிய நான், தீர யோசித்து வெளியிடும் வரலாற்று அறிவிப்பு: நீ சொன்னதுதான் சரி.

“ஐஸ் பையில வெச்சுக் கொண்டு போங்கலா, வெயிலு கொளுத்துது” என்றாய். வைட்டமின் போத்தலில் ‘வெயில் படாமல் வைக்கவும்’ என்றிருந்ததைப் படித்துக் காட்டி, உனக்கொரு பிரசங்கமும் செய்துவிட்டு, மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்தேன். லாபுவிலிருந்து ரந்தாவில் ஹுமைரா வீடு வரை வெயில் படவே இல்லை. இஞ்சின் சூடுதான் பட்டது. ஹுமைரா திறந்தபோது மிட்டாய் வைட்டமின் எல்லாம் உருகி ஒரே கட்டி. மாத்திரை விழுங்கினாலே வாந்தி எடுக்கும் நம் பிள்ளைத்தாச்சி மகள், அதைக் கரண்டியால் தோண்டிப் பார்த்தாள்.

“யாரு சம்பந்தி இப்படி வெச்சுக் கொடுத்தது?” என்று அவள் மாமியார் கேட்டார்.

“மஜீதாதான்” என்று சொல்லிவிட்டேன். ஹுமைரா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தேநீரைக்கூட முடிக்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

மீன் ஆணம் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். புதுப் போத்தல் வாங்க சிரம்பான் போகிறேன், ஐஸ் பையோடு.

பி.கு.: சம்பந்தியம்மா சாயங்காலம் இங்கே வருகிறார். நான் திரும்புவதற்குள் வந்துவிட்டால் இந்தத் தாளையே காட்டிவிடு. நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.