அப்பாவின் சிரித்த படம்

லோம்,
செப்டம்பர் 17

அன்புள்ள ராங்கெல் அண்ணாவுக்கு,

நெவெனா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை என்பதால் தாளில் எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். லைப்சிக்கில் இப்போதே குளிராமே. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

முதலில் நல்ல செய்தி. அப்பாவின் தண்ணீர் அலுவலகத்துப் பழைய கணினிகள் எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டன. நிலவறையில் தூசி படிந்து கிடந்தவற்றைக் குப்பையில் போடாமல் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று அப்பா மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அவைதான். விழித்தெழ ரொம்ப நேரமாகிறது என்று பையன்கள் அவற்றை 'பென்ஷன்காரர்கள்' என்கிறார்கள்.

அப்பா மேசையிலிருந்த கணினியும் வந்திருக்கிறது. பார்த்ததும் தெரிந்துகொண்டேன். உடம்பு நலமாக இருக்கட்டும் என்று வழக்கப்படி மார்ச் முதல் தேதி நான் அவர் கையில் கட்டிய சிவப்பு வெள்ளை நூல் அதன் பின்புறம் இருந்தது. மருத்துவமனைக்குப் போகுமுன் கழற்றிக் கட்டியிருக்கிறார். எல்லாரும் செய்வதுபோல் மரம் பூத்ததும் அதைக் கிளைக்கு மாற்ற நினைத்திருப்பார். பூப்பதற்குள் போய்விட்டார்.

இம்மாதக் கடைசியில் அவர் போய் ஆறு மாதம். வாசல் கதவில் அவர் படத்தோடு புது நினைவு அறிவிப்பு ஒட்டவேண்டும். நாற்பதாம் நாளுக்கு அடையாள அட்டைப் படத்தைப் போட்டோம். அம்மா அதைப் பார்ப்பதே இல்லை. "கதவுல இருக்கிறது உங்கப்பா இல்லடி, ஏதோ ஆபீஸ்ல வரிசைல நிக்கிற ஆளு" என்கிறாள். அதிர்ஷ்டச் சீட்டுகளை உள்ளே வைத்துச் சுட்ட புத்தாண்டுப் பனிட்சாவில் அப்பாவுக்குக் 'கல்யாணம்' என்று சீட்டு வந்து, அவர் விழுந்து விழுந்து சிரித்தபோது கிரோ மாமா எடுத்த படம் அந்தக் கணினியில்தான் இருந்தது. மாமாவின் போனோ ஆற்றோடு போய்விட்டது.

அப்பாவோடு அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவராயிற்றே என்று ஓடிப்போய் மாமாவிடம் கேட்டேன். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்பது விதியாம். "நான்தான் அழிச்சேன் பாப்பா. திரும்ப எடுக்கவே முடியாதபடி எப்படி அழிக்கணும்னு உங்கப்பாதான் கத்துக்கொடுத்தான்" என்றார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ கிளம்பிய அன்று நீயும் அப்பாவும் கோபமாகப் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது. அதைப்பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன். உன் போனில் அப்பா சிரிக்கிற படம் ஏதாவது இருந்தால் அனுப்பு. கோபத்தில் அழித்திருந்தாலும் பரவாயில்லை, நீயே வந்துவிடு. சிரித்தால் நீ அப்பாதான் என்று ஊரே சொல்லும். கதவில் எதை ஒட்டினாலும், அம்மா உன் சிரிப்பைப் பார்த்துக்கொள்வாள்.

வழியெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும்.

உன் தங்கை,
நெவெனா