முதலை வாய்க் கிளாம்புகள்

மார்ச் 3, ஞாயிறு

கிடைத்துவிட்டது! நாலாவது கிளாம்ப்! பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த சைக்கிள் சங்கிலிகளுக்கு அடியில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. குனிந்து கையை வைக்கிறேன் — அதே நொடியில் இன்னொரு கை. அடுத்த தெரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்! இவருக்கும் இந்தக் கிறுக்கு உண்டென்று யார் கண்டது?

"நான்தாங்க முதல்ல பார்த்தேன்" என்றார்.

"பார்க்கறது உங்க தொழில். எடுத்தது நான்."

எனக்கு எங்கிருந்து வந்தது இந்த வாய்? வீடு வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 4

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். திருகு வெண்ணெயாகச் சுழல்கிறது. பின்னால் திருகத் திருக, முன்னால் இரண்டு நீளத் தாடைகளும் மெல்லக் கவ்வுகின்றன. பசை காயும்வரை பலகையை அழுத்திப் பிடிக்கத்தான் கிளாம்ப்; சாதாரணமானது ஓரத்தைத்தான் பிடிக்கும். இந்தப் பழைய கேன்டிலீவர் கிளாம்ப் முழங்கை நீளம் உள்ளே போய் நடுப்பலகையையே பிடிக்கும். இதற்குத் தலைகால் புரியாமல் ஆடாமல் வேறெதற்கு ஆடுவது?

"அக்கா, ஊர்ல நாய் வளர்ப்பாங்க, பூனை வளர்ப்பாங்க. நீ முதலை வளர்க்கறியா?" என்றாள் தங்கச்சி. கணக்கு எழுதும் வேலையை விட்டு, மரச்சாமான் பழுதுபார்க்க நான் பட்டறை போட்டதிலிருந்து வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. கேலி செய்ய அவளுக்கு முழு உரிமை உண்டு.

மார்ச் 8

நூலகர் அம்மா பட்டறைக்கே வந்துவிட்டார்! வாசிப்பு அறையின் நீள மேசை. கூரை ஒழுகி, மேலே ஒட்டியிருந்த மெல்லிய மரத்தோல் நட்டநடுவில் அப்பளம் போல உப்பிவிட்டது. அந்த மரம் இப்போது கிடைப்பதில்லை. "கிழிஞ்சா அவ்வளவுதான். சரியா வந்தா மத்த மேசையெல்லாம் உங்களுக்குத்தான்" என்றார்.

தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் கிளாம்புகளை எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டும் என்று அந்த மூக்குக் கண்ணாடிக்காரர் கடைக்குப் போனேன். வேண்டியதுதான், பொய்யில்லை. ஆனால் உள்ளே — சுவர் முழுக்க கிளாம்புகள்! பளபளவென்று, நகைக்கடை மாதிரி.

"எதை ஒட்டினீங்க இதுங்களை வெச்சு?"

"ஒட்டறதா? பசை பட்டுடுமே!" — நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார் மனிதர்.

"பாவம், வாயைக் கட்டிப் போட்டிருக்கீங்க."

கோபம் வரும் என்று பார்த்தேன். சிரித்துவிட்டார். கண்ணாடியை மாட்டிப் பார்த்தால்... பரவாயில்லை, லட்சணமாகத்தான் இருக்கிறார். சே! என்ன எழுதுகிறேன்?

மார்ச் 15

மேசை பட்டறைக்கு வந்துவிட்டது; பசையில்லாமல் ஒத்திகையும் பார்த்தாயிற்று. நாலும் சரியாக உட்காருகின்றன. நாளைக்கு.

மார்ச் 16

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பசை விட்டாயிற்று. மெழுகுத்தாள், மேலே கட்டை, ஒன்று, இரண்டு, மூன்று — எல்லாம் கவ்வியாயிற்று. நாலாவதை இறுக்கினேன். படக். வார்ப்பிரும்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. சந்தையில் சண்டை போட்டு எடுத்தேனே, அதேதான்! பசை காய ஆரம்பித்தால் உப்பல் உப்பலாகவே நின்றுவிடும். தங்கச்சி கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நான் ஒரு கிளாம்புக்குச் சமம், நீ போன் பண்ணு!"

என் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் மேல் அச்சடித்திருந்த அவர் கடை எண்ணுக்குப் போட்டேன். "ஒண்ணு உடைஞ்சிடுச்சுங்க, பசை காயுது..." — அதற்குள் போன் வைக்கப்பட்ட சத்தம். கேட்கவே இல்லையோ? போச்சு, எல்லாம் போச்சு என்று நிற்கிறேன், தெருவில் கடகடவென்று இரும்புச் சத்தம். கைக்கு இரண்டாகக் கிளாம்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்! பின்னாலேயே, கண் சோதிக்கும் வட்டக் கண்ணாடியைக் கழற்ற மறந்த ஒரு வாடிக்கையாளர். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க, எதைப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க!" என்று அவரும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

பளபளத்த தாடையை மேசைக்குள் விட்டு, கடைக்காரரே திருகினார். ஓரத்தில் பசை பிதுங்கி வழிந்து கிளாம்பிலெல்லாம் அப்பிக்கொண்டது. "ஐயோ, உங்க கிளாம்ப்..." என்றேன்.

"சும்மா இருங்க, நல்லாக் கவ்வுது!" — வாயெல்லாம் பல்.

தங்கச்சி இறங்கினாள். நாலு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தோம். எதற்கென்று யாருக்கும் தெரியாது.

மார்ச் 17

கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினேன். மேடில்லை. பள்ளமில்லை. "ஏய்! வந்து பாரு டீ!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

மார்ச் 21

மற்ற மேசைகளும் எனக்கே. "எத்தனை முதலை வேணுமோ வாங்கிக்கோ" என்றாள் தங்கச்சி. கண்ணாடிக்காரரும் தினம் கடையைச் சாத்திவிட்டு வருகிறார், தன் கிளாம்புகளில் பசை சுரண்ட. சுரண்டுவதற்கு அவ்வளவு பசை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

சந்தைக்கு அவரும் நானுமாகப் போனோம். ஒரு கிழிந்த சாக்கின் மேல் — இதுவரை நாங்கள் பார்த்ததிலேயே பெரியது. தாடை கொஞ்சமும் தேயாமல்!

"நீங்க எடுங்க" என்றார்.

"இல்லை, நீங்க எடுங்க."

"உங்களுக்குத்தான் வேலைக்கு ஆகும்."

"உங்களுக்குத்தான் பிடிக்கும்."

இப்படியே எவ்வளவு நேரம் நின்றோமோ, கல்லூரிப் பெண் ஒருத்தி குனிந்து அதைத் தூக்கினாள், காசைக் கொடுத்தாள், போய்விட்டாள்.

"திருகுக்கு எண்ணெய் விடும்மா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

வெறுங்கையோடு வந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.